விசைப்பலகையில் இல்லாத அம்பை ஆர் மொழி ஏன் கேட்கிறது?

தங்கச்சி, நீ கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் விஷயம் தெரியட்டும். நீ பினாங்கில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து முதல் செமஸ்டரிலேயே புள்ளியியலுக்காக ஆர் (R) என்ற நிரல் மொழி படிக்கிறாய். பள்ளியில் பைத்தானில் அ = 5 என்று எழுதிப் பழகியவள். இங்கே விரிவுரையாளர் அ <- 5 என்றுதான் எழுத வேண்டும் என்கிறார், ஆனால் = போட்டாலும் ஓடுகிறது. "அந்த அம்புக்கு விசையே இல்லைண்ணே, ஷிஃப்ட்டைப் பிடிச்சு < தட்டி, விட்டுட்டு, அப்புறம் - தட்டணும். இவ்வளவு சுத்தி வளைச்சு ஒரு குறியை ஏன் வச்சாங்க?" என்று கேட்டாய்.

வைத்தவர்கள் சுற்றி வளைக்கவில்லை. அவர்கள் மேசையில் இருந்த விசைப்பலகையில் அந்த அம்பு இருந்தது. ஒரு தட்டு, வேலை முடிந்தது. விசைப்பலகை போய்விட்டது, பழக்கம் மட்டும் உன் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மதிப்பிருத்தும் குறிகள் (ஒரு பெயருக்குள் ஒரு மதிப்பைப் போடச் சொல்லும் குறிகள்) எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்: மொழியை உருவாக்கிய அன்று விரலுக்கடியில் என்ன இருந்தது என்பதே பாதிக்கு மேல் தீர்மானித்தது.

உன் அம்பிலிருந்தே தொடங்குகிறேன். ஆர் மொழியை 1990களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் எழுதினார்கள். அதற்குத் தாய் மொழி எஸ். 1976 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் உடன் வேலை செய்தவர்களும் உருவாக்கியது. எஸ் உருவான காலத்தில் அங்கே புழங்கிய சில டெர்மினல்களில் (பெரிய கணினியோடு இணைத்திருந்த தட்டச்சுக் கருவிகளில்) ← ஒரு விசையாகவே இருந்தது. அதற்கும் முன்னால் கென்னத் ஐவர்சனின் ஏபிஎல் மொழி ஐபிஎம் 2741 டெர்மினலில் ஓடியபோது, ஆங்கில பி (P) எழுத்துக்கு வலப்பக்கத்து விசையே ←, ஷிஃப்ட் கூட வேண்டாம். அச்சடிக்கும் உருண்டையைக் கழற்றி ஏபிஎல் குறிகள் உள்ள வேறு உருண்டையை மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இப்போது ஒரு எண்ணைக் கவனி: 95. கணினிக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு என்று உனக்குத் தெரியும். 1963இல் வந்த முதல் ஆஸ்கி தரத்தில் 95 என்றால் ←, 94 என்றால் ↑. டெலிடைப் 33 என்று ஒரு இயந்திரம் (தட்டச்சு இயந்திரமும் தந்தியும் சேர்ந்தது போல இருக்கும், காகிதச் சுருளில் வினாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும்), அதில் ஷிஃப்ட்டோடு ஆங்கில ஓ எழுத்தைத் தட்டினால் ← விழும். 1967இல் தரத்தைத் திருத்தியபோது அதே 95ஐ அடிக்கோட்டுக்கும் 94ஐ ^ குறிக்கும் கொடுத்துவிட்டார்கள். நிரல் மாறவில்லை, கோப்பில் கிடக்கும் எண்ணும் மாறவில்லை. ஆனால் பழைய இயந்திரத்தில் அ ← 5 என்று தெரிந்தது புது இயந்திரத்தில் அ _ 5 என்று தெரிகிறது. யோசித்துப் பார், ஒருநாள் காலையில் உன் நிரலில் இருந்த அம்பெல்லாம் கோடாகிக் கிடந்தால் எப்படியிருக்கும்!

எஸ் மொழிக்காரர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்: <- என்று இரண்டு எழுத்தில் அம்பை வரைந்தும் எழுதலாம், வெறும் _ போட்டும் எழுதலாம். ஆர் மொழியும் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. _ போட்டு மதிப்பிருத்தும் வழியை ஆர் 1.8.0இல், 2003இல்தான் எடுத்தார்கள். நீ இன்றைக்கும் அதன் தழும்பைப் பார்க்கலாம். பைத்தானில் பெயர்களுக்கு நடுவே அடிக்கோடு போடுவோம். ஆரில் டேட்டா.ஃபிரேம், ரீட்.டேபிள் என்று எல்லாம் புள்ளியாக இருக்கிறதே, ஏன் என்று நினைத்திருக்கிறாயா? அந்த நாளில் பெயருக்கு நடுவே அடிக்கோடு போட்டால் அது மதிப்பிருத்தல் ஆகிவிடும். அதனால் புள்ளி. எனக்கு இந்த மாதிரிச் சங்கதிகள் மேல் தீராத பிரியம். யாரோ ஒருவர் தரத்தில் ஒரு கட்டத்தை மாற்றினார், அரை நூற்றாண்டு கழித்து பினாங்கில் ஒரு பெண் புள்ளி வைத்துப் பெயர் எழுதுகிறாள்.

சரி, இனி பைத்தானின் = எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். அதுதான் உண்மையில் விசித்திரமானது, உனக்குப் பழகிவிட்டதால் விசித்திரம் தெரியவில்லை. அ = அ + 1 என்று கணக்கு நோட்டில் எழுதினால் வாத்தியார் சிவப்பு மையில் அடிப்பார். சரிதானே, எந்த எண்ணும் தன்னைவிட ஒன்று கூடியதாக இருக்க முடியாது. வேல்ஸ்காரரான ராபர்ட் ரெக்கார்ட் 1557இல் = குறியை அறிமுகப்படுத்தியபோது, இணையாக ஓடும் இரண்டு கோடுகளைவிடச் சமமான இரண்டு பொருள் வேறெது என்றுதான் காரணம் சொன்னார். அதற்குச் சரியாக 400 வருஷம் கழித்து, 1957இல், ஐபிஎம்மில் ஜான் பேக்கஸ் குழுவின் ஃபோர்ட்ரான் மொழி வெளிவந்தது. சமம் என்ற குறி "இதை அதில் போடு" என்ற கட்டளையாகப் பரவியது அதோடுதான்.

அந்தக் காலத்தில் திரை கிடையாது. ஐபிஎம் 026 என்ற துளையிடும் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து, 80 பத்தி உள்ள அட்டையில் ஒரு வரி நிரலைத் துளைத் துளையாகக் குத்த வேண்டும். ஃபோர்ட்ரானுக்குக் கிடைத்தது மொத்தம் 48 எழுத்து: ஆங்கிலப் பெரிய எழுத்து 26, இலக்கம் 10, மிச்சத்தில்தான் கூட்டல், கழித்தல், அடைப்புக்குறி, காற்புள்ளி எல்லாம். அம்பு கிடையாது. முக்காற்புள்ளி கிடையாது. < > கூடக் கிடையாது. = இருந்தது, எடுத்துக்கொண்டார்கள்.

அந்த = கூட எல்லா இயந்திரத்திலும் = ஆக இருக்கவில்லை என்பதுதான் இதில் ருசியான பகுதி. 026இல் இரண்டு வகை: வணிக அலுவலகத்துக்கு ஒன்று, அறிவியல் வேலைக்கு ஒன்று. துளை ஒன்றுதான், அட்டையின் மேல் விளிம்பில் அச்சாகும் எழுத்து மட்டும் வேறு. ஒரே பத்தியில் 8ஆம் வரிசையிலும் 3ஆம் வரிசையிலும் துளை விழுந்தால், அறிவியல் வகையில் = என்று அச்சாகும், வணிக வகையில் # என்று அச்சாகும். இடது அடைப்புக்குறியின் துளை அங்கே %, கூட்டலின் துளை அங்கே &. ஆக, அ = அ + 1 என்ற வரியைக் கணக்குப்பிள்ளையின் இயந்திரத்தில் குத்தினால் அட்டையில் அ # அ & 1 என்று இருக்கும். கணினிக்கு இரண்டும் ஒன்றுதான், அது துளையை மட்டுமே படிக்கிறது.

முதல் ஃபோர்ட்ரானில் = குறியால் குழப்பமும் வரவில்லை. ஒப்பிடுவதற்கு அதில் குறியே இல்லை. ஒரு மதிப்பு சுழியைவிடக் குறைவா, சுழியா, கூடவா என்று பார்த்து மூன்று வழியில் பிரியும், அவ்வளவுதான். பிறகு "சமமா?" என்று கேட்க வழி வேண்டியிருந்தபோது = ஏற்கெனவே கைமாறிப் போய்விட்டது, அதனால் .ஈக்யூ. என்று புள்ளிக்கு நடுவே எழுத்துகளைப் போட்டார்கள். சின்னது, பெரியது என்பதற்கும் அப்படியே எழுத்துதான், ஏனென்றால் < > விசைகள் இல்லை.

இதற்குள் ஐரோப்பாவில் வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. ஜெர்மனியின் கோன்ராட் சூசே, 1940களிலேயே தன் பிளான்கால்கூல் மொழியில், கணக்கை இடப்பக்கம் எழுதி, விளைவு போய்ச் சேரும் இடத்தை வலப்பக்கம் எழுதினார், நடுவே "இதனால் கிடைப்பது" என்ற பொருளில் ஒரு குறி. சுவிட்சர்லாந்தின் ருட்டிஸ்ஹவுசரும் ⇒ போட்டு அதே திசையில்தான் எழுதினார். அ + 1 ⇒ அ. எனக்கு இது ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் தமிழில் நாம் பேசுவது அப்படித்தான். "ஐந்தை டப்பாவில் போடு" என்கிறோம். பொருள் முதலில், இடம் அடுத்து, வினை கடைசியில். மதிப்பை வலப்பக்கம் எழுதுவது, முதன்முதலில் நிரல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்குத் தலைகீழாகத் தெரிவதை நான் என் சனிக்கிழமை வகுப்பில் பல தடவை பார்த்திருக்கிறேன். "சார், ஐந்தை அ-வில் வைக்கணும்னா ஏன் அ-வை முதலில் எழுதணும்?" நியாயமான கேள்வி.

நீ இதை ஏற்கெனவே கையால் செய்திருக்கிறாய். எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) எழுதப் பயன்படுத்திய கேசியோ எஃப்எக்ஸ் 570எம்எஸ் கால்குலேட்டர் இன்னும் வீட்டில் இருக்குமே, எடுத்துப் பார். 5 தட்டி, ஷிஃப்ட் தட்டி, ஆர்.சி.எல். விசையை அழுத்தி, அப்புறம் சிவப்பில் ஏ என்று போட்ட விசையை அழுத்து. திரையில் 5→ஏ என்று வரும். மதிப்பு இடது, அம்பு, இடம் வலது. இதே கால்குலேட்டரில் கீழ் மூலையில் இருக்கும் = விசை "கணக்கைப் போடு" என்ற ஆணை. ஆனால் கால்க் விசைக்கு மேல் சிவப்பில் இன்னொரு = இருக்கிறது, ஆல்ஃபா அழுத்தித்தான் அதை எடுக்க முடியும்; அது சமன்பாட்டில் எழுதுகிற, கணக்கு வாத்தியாரின் =. ஆக உள்ளங்கையளவு கருவியில் மூன்று வேலைக்கு மூன்று விசை. மேசைக் கணினியின் விசைப்பலகையில் அந்த வசதி இல்லாததால்தான் மொழிகள் எல்லாம் ஒரு = விசையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கின்றன.

1958இல் சூரிச்சில் ஐரோப்பியர் நான்கு பேரும் அமெரிக்கர் நான்கு பேரும் உட்கார்ந்து பொது மொழி ஒன்றைப் பேசினார்கள், பிறகு அல்கால் என்று பெயர் பெற்றது அதுதான். ஐரோப்பியத் தரப்பு மதிப்பை முதலில் எழுதிப் பழகியது, அமெரிக்கத் தரப்பு மாறியை, அதாவது மதிப்பு போய்ச் சேரும் பெயரை, முதலில். கடைசியில் மாறி இடப்பக்கமே நின்றது, ஆனால் வெறும் = இல்லாமல் := ஆனது. சமம் என்பது வேறு, ஆக்கு என்பது வேறு என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதை அவர்கள் விடவில்லை. அல்கால்காரர்கள் செய்த இன்னொரு நல்ல காரியம், மொழியின் மூல வடிவம் வேறு, அந்தந்த இயந்திரத்தில் தட்டும் வடிவம் வேறு என்று வெளிப்படையாகவே பிரித்து வைத்தது. பர்ரோஸ் நிறுவனத்துக் கணினிகளின் அல்காலில் := இருக்க வேண்டிய இடத்தில் ← இருந்தது அதனால்தான்.

நான் பொலிடெக்னிக்கில் பாஸ்கல் படித்தவன், நிக்லாஸ் வீர்த் 1970இல் கொடுத்த மொழி, அதில் :=. மதிப்பிருத்தலுக்கு = எடுத்தது கெட்ட யோசனை என்று வீர்த் கடைசிவரை சொன்னார், நானும் அவர் கட்சிதான். ஆனால் தட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். இன்றைய விசைப்பலகையில் : எழுத ஷிஃப்ட் வேண்டும், = எழுத வேண்டாம், நடுவில் ஷிஃப்ட்டை விட வேண்டும்; அவசரத்தில் :+ என்று விழும். டெலிடைப் 33இல் நேர்மாறு: முக்காற்புள்ளிக்கு ஷிஃப்ட் வேண்டாம், = எழுத ஷிஃப்ட்டோடு கழித்தல் விசை. எப்படியும் இரண்டு தட்டு, ஒரு ஷிஃப்ட்.

கென் தாம்ப்சன் 1969இல் பெல் ஆய்வகத்தில் பி மொழியை எழுதியபோது, அதற்கு மூலமான பிசிபிஎல்லில் இருந்த := குறியை விட்டுவிட்டு = எடுத்துக்கொண்டார், ஒப்பீட்டுக்கு ==. அந்த வட்டாரத்தில் சொன்ன காரணம்: சராசரி நிரலில் மதிப்பிருத்தல் ஒப்பீட்டைவிட இரண்டு மடங்கு அதிகம் வருகிறது, அதனால் அதன் குறி பாதி நீளம் இருப்பதே பொருத்தம். தட்டச்சுக் கணக்காகப் பார்த்தால் சரி. பி-யிலிருந்து சி, சி-யிலிருந்து சி++, ஜாவா என்று இன்று நாம் தொடும் பாதி மொழிக்கு அது போய்விட்டது.

அந்தக் கணக்குக்கு நான் கொடுத்த விலையைச் சொல்கிறேன். பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சிப் சோதிக்கும் இயந்திரத்துக்கு சி-யில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன், வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம். சோதித்த ஒவ்வொரு சிப்பும் எந்தக் குழாயில் விழ வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு, நாங்கள் பின் என்போம். பின் 1 என்றால் நல்ல சரக்கு. நான் எழுத வேண்டியது இஃப் (பின் == 1). எழுதியது இஃப் (பின் = 1). சி-யில் இது பிழையே இல்லை. பின் என்ற மாறியில் 1ஐப் போடுகிறது, போட்ட அந்த 1ஐயே விடையாகத் தருகிறது, சுழி இல்லாத எதுவும் "ஆம்" என்று அர்த்தம். ஆக, வந்த சிப்பெல்லாம் நல்ல சிப். இரவு ஷிஃப்ட்டில் லைன் பார்க்கும் மலாய்க்கார அக்கா ஒருவர் திரையில் 100 விழுக்காடு என்று பார்த்துவிட்டு, "மானா போலே?" (இதெப்படி முடியும்?) என்று இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் எனக்குப் போன் அடித்தார். அந்த லாட் முழுவதையும் திரும்பச் சோதித்தோம், விடிந்துவிட்டது. அந்த அக்கா நிறுத்தாமல் விட்டிருந்தால் கெட்ட சரக்கு வெளியே போயிருக்கும். அன்றிலிருந்து கம்பைலரின் (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளின்) எச்சரிக்கை எதையும் நான் அணைத்து வைப்பதில்லை. இந்தத் தவறை ஜிசிசி என்ற கம்பைலர் எச்சரித்துச் சொல்லும், கேட்டால்.

2003 நவம்பரில் இதே ஓட்டையை யாரோ வேண்டுமென்றே பயன்படுத்தப் பார்த்தார்கள். லினக்ஸ் கெர்னல் (அந்த இயங்குதளத்தின் மையப்பகுதி) மூலநிரலின் ஒரு நகலில் இரண்டு வரி நுழைந்திருந்தது. பார்க்க "பயனர் எண் 0 தானா?" என்று சோதிப்பது போல இருக்கும், ஆனால் == இருக்க வேண்டிய இடத்தில் =. 0 என்பது நிர்வாகியின் எண். ஓடினால், ஓட்டியவர் நிர்வாகி ஆகிவிடுவார். மூலத்தோடு ஒத்துப்பார்க்கும்போது அகப்பட்டது, வெளியான கெர்னலுக்குள் அது போகவில்லை.

பைத்தானில் உனக்கு இந்த விபத்து நடக்காது, இஃப் வரியில் வெறும் = போட்டால் ஓடவே ஓடாது. பைத்தானை உருவாக்கிய கீடோ வான் ரோசம் அதற்கு முன் வேலை செய்த ஏபிசி மொழியில் "5ஐ அ-வுக்குள் போடு" என்று ஆங்கிலச் சொற்களாலேயே எழுத வேண்டும், மதிப்பு முதலில். பைத்தானில் அதை விட்டுவிட்டு = எடுத்தார். பிறகு 2019இல் 3.8 பதிப்பில், ஒரு கணக்குக் கோவைக்கு நடுவிலேயே மதிப்பிருத்த ஒரு குறி வேண்டும் என்றபோது, தேர்ந்தெடுத்தது சூரிச் காலத்து :=. தலையைச் சாய்த்துப் பார்த்தால் தந்தமுள்ள கடற்பிராணி மாதிரி இருப்பதால் வால்ரஸ் என்கிறார்கள். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று நடந்த சண்டைக்குப் பிறகுதான் கீடோ தலைமைப் பொறுப்பை விட்டு விலகினார். இரண்டு எழுத்துக் குறி, பார்.

கை பழகினால் மாறாது என்பதற்கு வெளி உதாரணம் வேண்டுமா? கோலாலம்பூரில் கணக்கு அலுவலகத்தில் வேலை செய்யும் என் அக்கா எக்செல்லில் எந்தச் சூத்திரத்தையும் + போட்டுத்தான் தொடங்குவார். வலப்பக்க எண் விசைகளில் + உண்டு, = கிடையாது, கையை நகர்த்த வேண்டாம்; எக்செல்லுக்கு முந்தைய லோட்டஸ் 1-2-3 மென்பொருள் காலத்துப் பழக்கம். எக்செல் தானாக முன்னால் ஒரு = சேர்த்து =+ ஆக்கிவிடும். அவர் கோப்புகளில் எல்லாக் கட்டமும் =+ என்றுதான் இருக்கும். அவ்வளவு தூரம் போவானேன், நம் ஊர் முத்து நெடுமாறன் கொடுத்த முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் ந எழுத நாம் ஆங்கில டபிள்யூவைத் தட்டுகிறோமே. அந்த எழுத்துக்கும் ந-வுக்கும் ஒலியில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆங்கில என் (N) எழுத்து ன-வுக்குப் போய்விட்டது, டபிள்யூ சும்மா இருந்தது. இன்று யோசிக்காமல் விரல் அங்கே போகிறது.

அப்புறம், உன் விரிவுரையாளர் ஏன் <- வற்புறுத்துகிறார்? வெறும் பழமைப்பற்று என்று நினைக்காதே. ஆரில் = குறிக்கு இன்னொரு வேலை இருக்கிறது. சார்பை (பெயர் வைத்த நிரல் துண்டை) அழைக்கும்போது அடைப்புக்குள் அ = 5 என்றால், "அ என்ற உள்ளீட்டுக்கு 5 கொடு" என்று மட்டும் அர்த்தம், வெளியே அ என்று எதுவும் உருவாகாது. அடைப்புக்குள் அ <- 5 என்றால் வெளியே அ உண்டாகிவிடும். இரண்டு வேலைக்கு இரண்டு குறி என்று வைத்துக்கொண்டால் படிப்பவருக்குக் குழப்பமில்லை. மதிப்பிருத்த = போட ஆரில் அனுமதி வந்ததே 2001 கடைசியில்தான், அதனால் பழைய நிரல்கள் எல்லாம் அம்பில் இருக்கும். எனக்குக் கேட்டால் அம்பைப் போடு என்பேன்.

ஒரே ஒரு இடத்தில் கவனம். அ<-3 என்று இடைவெளி விடாமல் எழுதினால், "அ என்பது கழித்தல் 3ஐவிடக் குறைவா?" என்று நீ கேட்க நினைத்திருந்தாலும், ஆர் அ-வில் 3ஐப் போட்டுவிட்டு சும்மா இருக்கும். பிழை என்று சொல்லாது, தரவு போய்விடும். அ < -3 என்று இடைவெளி விட்டு எழுது.

தட்டுகிற கஷ்டத்துக்கு மருந்து ஆர் எழுதும் மென்பொருளான ஆர்ஸ்டூடியோவிலேயே இருக்கிறது: ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு கழித்தல் விசையைத் தட்டு, மேக் என்றால் ஆப்ஷன். இருபுறமும் இடைவெளியோடு <- வந்து விழும். ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பு மென்பொருளில் ஆர் எழுதுபவர்களின் ஈஎஸ்எஸ் கருவியில் அதே வேலைக்கு அவர்கள் தட்டிப் பழகியது எந்த விசை தெரியுமா? அடிக்கோடு. அதே 95.